5 வாட் மின்சாரம் போதும்... கடல் தாண்டியும் பேசலாம்! சாத்தூர் மொட்டைமாடியிலும் முடியும்

சாத்தூர்:-

ராத்திரியில் படுக்கை அறையில் எரிகிற 'ஜீரோ வாட்' பல்பு எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் ஜீரோ. பழைய குண்டு பல்பாக இருந்தால் அது 12 முதல் 15 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை வைத்துக்கொண்டு சாத்தூரில் இருந்து கொழும்போடு பேசலாம், ஐதராபாத்தோடு பேசலாம். வானம் ஒத்துழைத்தால் மலேசியாவையே எட்டிப் பிடிக்கலாம் என்றால் நம்ப முடிகிறதா?

சிம் கார்டு கிடையாது. ரீசார்ஜ் கிடையாது. டவரும் கிடையாது. ஒரு சின்னப் பெட்டி, ஒரு 12 வோல்ட் பேட்டரி, மாடியில் இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி. அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் குறைந்த சக்தி ஹாம் ரேடியோ. உலகம் முழுக்க பல லட்சம் பேர் பொழுதுபோக்காகச் செய்யும் ஹாம் ரேடியோவில் இது ஒரு தனிப் பிரிவு. பணம் குறைவு, பொறுமை அதிகம் தேவைப்படும் விளையாட்டு. அதன் முழு விவரம் இதோ:

ஹாம் என்றால் யார்?

ரேடியோ கேட்பவர் நேயர். ரேடியோவில் பேசவும் செய்பவர் ஹாம். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக நிலையம் வைத்துக்கொள்பவர். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. இந்தியாவில் பொது லைசென்ஸ்காரர்களுக்கு அது பெரும்பாலும் 'வி.யு.2' என்று ஆரம்பிக்கும். ஆரம்பநிலை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 'வி.யு.3'. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.ஜி.

இதில் வியாபாரம் பேசக்கூடாது. பாட்டு போடக்கூடாது. யாருக்கும் புரியாத ரகசியக் குறியீட்டில் செய்தி அனுப்பக்கூடாது. காசு வாங்கிக்கொண்டு சேவை செய்யக்கூடாது. கற்றுக்கொள்வதற்கும், பரிசோதனை செய்து பார்ப்பதற்கும், ஆபத்து நேரத்தில் உதவுவதற்கும் மட்டுமே.

பவரை குறைப்பதில் என்ன பெருமை?

தந்திக் காலத்தில் ஆபரேட்டர்கள் நீட்டி முழக்காமல் மூன்று எழுத்தில் பேசிக்கொள்ள ஒரு குறியீட்டுப் பட்டியல் இருந்தது. அதில் 'கியூ.ஆர்.பி.' என்றால் 'பவரைக் குறை' என்று அர்த்தம். அந்தப் பெயரே இந்தப் பொழுதுபோக்குக்கு நிலைத்துவிட்டது.

மோர்ஸ் தந்தி ஒலியில் அனுப்பினால் 5 வாட்டுக்குள், குரலில் பேசினால் உச்சபட்சம் 10 வாட்டுக்குள் என்பது ஹாம்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கணக்கு. இந்தியாவில் பொது லைசென்ஸ்காரர் 400 வாட் வரை போகலாம் என்று விதி இருந்தும், வேண்டுமென்றே ஐந்து வாட்டில் நின்று பார்ப்பவர்கள் இவர்கள். லாரியில் போக வழி இருந்தும் சைக்கிளில் இராமேசுவரம் போகிற ஆசாமி மாதிரி!

ஆனால் ஆசைக்காக மட்டும் இல்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 100 வாட்டில் அனுப்பும் ஒருவர் 5 வாட்டுக்கு இறங்கினால் சக்தி 20-ல் ஒரு பங்காகிவிடும். ஆனால் அந்தப் பக்கம் கேட்பவர் காதில் சத்தம் 20-ல் ஒரு பங்காக விழாது. அவருடைய பெட்டியில் உள்ள சிக்னல் முள் 9-ல் நின்றிருந்தால் 7-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு கோடு இறக்கம்தான். பேச்சு கொஞ்சம் மங்கும், அறுந்துபோகாது.

அந்த இரண்டு கோட்டை விட்டுக்கொடுத்தால் மிச்சம் என்ன? பெரிய பவர் சப்ளை வேண்டாம். சூடு தணிக்க பெரிய விசிறி வேண்டாம். கனமான பேட்டரி வேண்டாம். விலையும் இறங்கிவிடும், எடையும் இறங்கிவிடும்.

வானமே கண்ணாடி

ஐந்து வாட் எப்படி ஆயிரம் கிலோமீட்டர் போகிறது? பதில் தலைக்கு மேலே இருக்கிறது.

தரையில் இருந்து சுமார் 60 கிலோமீட்டரில் தொடங்கி பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை, சூரிய ஒளி பட்டு மின்னேற்றம் அடைந்த காற்று அடுக்குகள் இருக்கின்றன. இதை அயனி மண்டலம் என்பார்கள். சிற்றலை ரேடியோ அலைகள் அதில் பட்டு வளைந்து மறுபடி பூமிக்கே வரும். கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் விளிம்பில் பட்டுத் திரும்புகிற மாதிரி. மலை மறைத்தாலும் கடல் குறுக்கே கிடந்தாலும் கவலை இல்லை.

தென்மாவட்டங்களில் அந்தக் காலத்தில் இலங்கை வானொலியை வீட்டுக்கு வீடு கேட்டார்களே... ராத்திரி ஆனால் எங்கோ இருக்கிற நிலையங்கள் எல்லாம் தானாக வந்து விழுமே... அதற்கும் காரணம் இதே அடுக்குகள்தான். பகலில் கீழ் அடுக்கு அலையை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கலைந்துபோகும். மேல் அடுக்கு கண்ணாடி மாதிரி வேலை செய்யும்.

ஹாம்கள் அதிகம் புழங்கும் '40 மீட்டர்' அலைவரிசையில் பகலில் சில நூறு கிலோமீட்டர் சுலபம். சாத்தூரில் இருந்து கொழும்பு நேர்க்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். ஐதராபாத் சுமார் 900 கிலோமீட்டர். ராத்திரியில் தூரம் இன்னும் நீளும். '20 மீட்டர்' அலைவரிசையில் நேரம் பார்த்துக் கூப்பிட்டால் 2,700 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோலாலம்பூரும் எட்டும் தூரம்தான்.

இந்தக் கண்ணாடி தினமும் ஒரே மாதிரி இருக்காது. சூரியனுக்கு 11 வருடத்துக்கு ஒருமுறை உச்சம் வரும். தற்போதைய சுற்று உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில் சின்னப் பவர்காரர்களுக்குக் கொண்டாட்டம்!

தென்கோடிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பகுதியை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21-ந்தேதி இந்தியாவின் முதல் ராக்கெட் பறக்க திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவைத் தேர்வு செய்ததற்கு இதுவே காரணம். இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். விஞ்ஞானிகள் தேடி வருகிற வானம் சாத்தூர்க்காரர்களுக்கு மொட்டைமாடியிலேயே கிடைக்கிறது.

குழாய் வாஷரில் பிறந்த ரேடியோ!

'எல்லாம் சரி, பெட்டி வாங்க காசுக்கு எங்கே போவது?' என்ற கேள்வி வரும். வெளிநாட்டுப் பெட்டிகள் பல பத்தாயிரம் ரூபாய். இந்தக் கேள்விக்கு ஐதராபாத்தில் பதில் கண்டுபிடித்தவர் அஷார் ஃபர்ஹான். இவரும் ஒரு ஹாம்தான்.

2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இவர் வடிவமைத்து, எல்லோரும் இலவசமாகப் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று வரைபடத்தை வெளியிட்ட பெட்டிக்குப் பெயர் 'பிட்எக்ஸ்'. கடைத்தெருவில் கிடைக்கிற சாதாரண டிரான்சிஸ்டர்களே போதும். முக்கியமான ஒரு சுருளைச் சுற்ற எதைப் பயன்படுத்தினார் தெரியுமா? தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷர்! பழைய டி.வி. ஆன்டெனாவில் இருந்த உதிரிப் பாகத்தையும் விடவில்லை.

இன்னொரு சாமர்த்தியம். பேசுவதற்கு ஒரு சர்க்யூட், கேட்பதற்கு ஒரு சர்க்யூட் என்று தனித்தனியாக வைத்தால் செலவு இரட்டிப்பு. பிட்எக்ஸில் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே. ஒரே ஆம்பிளிபயர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஒரே கதவில் ஆள் உள்ளேயும் வரலாம், வெளியேயும் போகலாம் என்கிற மாதிரி. இதனால் பாகங்கள் பெருமளவு மிச்சம்.

இந்தியாவுக்காகச் செய்த அந்தப் பெட்டி உலகம் சுற்றிவிட்டது. 2016-ல் 'பிட்எக்ஸ் 40' என்று பாதி தயாரான போர்டாக விற்பனைக்கு வந்தது. 2017 டிசம்பரில் பல அலைவரிசைகளில் வேலை செய்யும் 'மைக்ரோ பிட்எக்ஸ்' வந்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற ஹாம்கள் ஐதராபாத்துக்கு ஆர்டர் போட்டு வாங்கினார்கள்.

இதில் சாத்தூர், சிவகாசி பக்கத்துப் பெண்கள் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியை மோதிரம் அளவு வளையத்தில் எண்ணி எண்ணிச் சுற்றும் வேலையை மெஷின் செய்யவில்லை. பெண்கள் குழு ஒன்று கையால் செய்தது. தீப்பெட்டி ஒட்டியும், திரி முறுக்கியும், சரம் பின்னியும் பழகிய விரல்களுக்கு இது புதுசு இல்லை. ஒரு காலத்தில் சாத்தூர் என்றால் காரச்சேவு மட்டும் இல்லை, பேனா நிப்பும்தான். பால்பாயின்ட் பேனா வந்து அந்தத் தொழிலைப் படுக்க வைத்துவிட்டது. கைநுணுக்கம் மட்டும் இன்னும் ஊரில் இருக்கிறது. மருந்தும் நெருப்பும் இல்லாத வேலைக்கும் அந்த நுணுக்கம் உதவும் என்பதற்கு ஐதராபாத் ஒரு சாட்சி.

சென்னையில் 1924-லேயே 40 வாட்!

சின்னப் பவரை வைத்து பெரிய காரியம் செய்வது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. 1924 மே 16-ந்தேதி சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. அதே வருடம் ஜூலை 31-ந்தேதி ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். ஆகாசவாணி பிறப்பதற்குப் பல வருடம் முன்னாடி நடந்த கதை இது.

பணமுடையால் 1927-ல் கிளப் மூடப்பட்டது. கருவிகளை சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பு நடத்தியது. ஆர்வலர்கள் போட்ட விதைதான் அது.

டவர் செத்தால் என்ன வழி?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை தென்மாவட்ட மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் மிதந்தன. திருச்செந்தூரில் இருந்து சென்னை கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரெயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. பல கிராமங்களில் கரண்ட் போனது. கரண்ட் போனதும் டவரும் போனது. வெளியூரில் இருந்த பிள்ளைகள் அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள்.

செல்போன் என்பது கையில் இருக்கிற கருவி மட்டும் இல்லை. டவர், அதற்குக் கரண்ட், கேபிள், கம்ப்யூட்டர் என்று ஒரு நீளமான சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் போன் ஊமை. ஹாம் ரேடியோவில் இரண்டு முனைகள்தான். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் வானம். அதை வெள்ளம் அடித்துக்கொண்டு போகாது.

2001 குஜராத் பூகம்பத்தில் ஹாம்கள் செய்தி கடத்தினார்கள். 2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி அடித்தபோது அந்தமான் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் தன் குழுவோடு இருந்தார். பொழுதுபோக்குக்காக அங்கே நிலையம் வைத்து உலக நாடுகளோடு பேச அரசு அனுமதி வாங்கி வந்தவர். தீவுகள் தொடர்பு அறுந்து கிடந்த அந்த நாட்களில் அவருடைய பெட்டிதான் பல குடும்பங்களுக்கு வெளியுலகத் தகவலைக் கொண்டுபோனது. 2015 சென்னை வெள்ளத்திலும் ஹாம்கள் களத்தில் நின்றார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் 5 வாட் பெட்டிக்கு ஒரு தனி பலம் உண்டு. யு.பி.எஸ்.சில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். கேட்கும்போது 0.2 ஆம்பியர் இழுக்கிற பெட்டி என்றால், கணக்குப்படி 35 மணி நேரம் காது திறந்திருக்கும். பேசும்போது அதிகம் இழுக்கும் என்பதால் நேரம் குறையும். ஆனாலும் அளந்து பேசினால் ஒரு ராத்திரி ஒரு பகல் தாக்குப்பிடிக்கும். சின்ன சோலார் தட்டு இருந்தால் இன்னும் தெம்பு.

தந்தி செத்தது, கட்டுக்கட சாகவில்லை

தபால் துறையோடு ஒட்டி வளர்ந்த தந்தி சேவை 2013 ஜூலை 15-ல் நாட்டில் முடிவுக்கு வந்தது. ஆனால் அந்தக் 'கட்டுக்கட' மோர்ஸ் ஒலி ஹாம்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. காரணம் ஆசை மட்டும் இல்லை. குரல் அலைவரிசையில் அகலமாக இடம் பிடிக்கும். மோர்ஸ் நூல் மாதிரி ஒல்லியாகப் போகும். ஐந்து வாட்டும் அந்த ஒரே நூலில் குவியும். குரல் கேட்காத தூரத்தில்கூட 'டிட் டா' கேட்கும்.

இப்போது கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. 1993-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய அமெரிக்க விஞ்ஞானி ஜோ டெய்லரும் ஒரு ஹாம். அவர் 2008-ல் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற முறையில் ஒரு சின்னத் தகவலை அனுப்ப இரண்டு நிமிடம் பிடிக்கும். காதுக்கே கேட்காத சிக்னலையும் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்துவிடும். ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியே கடல் தாண்டிப் போய்விடுகிறது!

லைசென்ஸ் வாங்குவது எப்படி?

* 12 வயது நிரம்பினால் போதும். காலேஜ் படிப்பு தேவை இல்லை.

* மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் பரீட்சையில் பாஸ் ஆகவேண்டும். விண்ணப்பம் அந்தத் துறையின் 'சரள் சஞ்சார்' இணையதளம் வழியாக.

* ஆரம்பநிலைக்கு இரண்டு பாடம். ஒன்று, மின்சாரம், ரேடியோ, ஆன்டெனா பற்றிய அடிப்படை. இன்னொன்று, சட்டதிட்டம். மோர்ஸ் தெரிய வேண்டியது இல்லை.

* பொது லைசென்சுக்கு கூடுதலாக மோர்ஸ் பரீட்சை உண்டு. நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகம்.

2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபிறகு விதிகள் ஒவ்வொன்றாக மாறி வருகின்றன. எனவே கட்டணம், படிவம் எல்லாவற்றையும் விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கையில் காசு போடும் முன் காதைப் பழக்க வேண்டும் என்பார்கள் மூத்த ஹாம்கள். ஆனால் ஒன்று. வீட்டில் இருக்கும் பழைய மூணு பேண்ட் ரேடியோவில் ஹாம் பேச்சு வாத்து கத்துகிற மாதிரிதான் கேட்கும். குரலை மிச்சப்படுத்தி அனுப்பும் முறை அது. அதைத் திருத்திக் கேட்க தனி வசதி உள்ள ரேடியோ வேண்டும்.

ஆன்டெனாவுக்குப் பெரிய கோபுரம் தேவை இல்லை. 40 மீட்டர் அலைவரிசைக்கு மொத்தம் 66 அடி செம்புக் கம்பி. அதை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் பெட்டிக்குப் போகும் ஒயரை இணைத்து, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் ஆச்சு. 20 மீட்டருக்கு அதில் பாதி, 33 அடி. சின்னப் பவர்காரர்களுக்குப் பெட்டியைவிட கம்பிதான் முக்கியம். கம்பி உயரமாக, ஒழுங்காக இருந்தால் ஐந்து வாட்டும் வேலைக்குப் போகும். இல்லாவிட்டால் பாதி வழியிலேயே வீணாகும்.

உஷார்... உஷார்!

* லைசென்ஸ் இல்லாமல் பேசுவது குற்றம். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த வாக்கி டாக்கியை வாங்கிவிட்டு 'சும்மா பேசிப் பார்த்தேன்' என்றால் சட்டம் கேட்காது. அனுமதி இல்லாத வாக்கி டாக்கிகளை விற்றதற்காக 2025-ல் ஆன்லைன் விற்பனை நிறுவனங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

* பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, மருந்து குடோன் பக்கம் எந்த டிரான்ஸ்மிட்டரும் கூடவே கூடாது. மின்சாரத்தால் பற்றவைக்கும் திரிகளை ரேடியோ அலையே தூண்டிவிடும் அபாயம் உண்டு. இந்த வட்டாரத்தில் இதைச் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. ஒரு பொறி எத்தனை குடும்பத்தை அழிக்கும் என்பதை 2021 பிப்ரவரி 12-ந்தேதி அச்சங்குளம் காட்டிவிட்டது.

* ஆன்டெனா கம்பி ஈ.பி. லைனுக்கு மேலேயோ பக்கத்திலேயோ போகக்கூடாது. அறுந்து விழுந்தால் உயிர் போகும்.

* ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் கம்பியைப் பெட்டியில் இருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

ஏமாற்றமும் உண்டு

எல்லா நாளும் தீபாவளியாக இருக்காது. பத்து தடவை கூப்பிட்டும் ஒரு பதில்கூட வராத நாட்கள் உண்டு. பக்கத்து வீட்டு மட்டமான எல்.இ.டி. பல்பும், தெருக்கோடி வெல்டிங் பட்டறையும் சேர்ந்து காதைக் கிழிக்கும். பெரிய பவர்காரர் ஒருவர் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால் சின்னப் பவர்காரர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அவசர காலத்தில் உதவவேண்டும் என்றால் சாதாரண நாளிலேயே பழகியிருக்க வேண்டும். வெள்ளம் வந்தபிறகு பெட்டியைத் திறந்தால் பயன் இல்லை.

அதனால்தான் இதை ஒரு ஆள் பொழுதுபோக்காக விடாமல், பள்ளிக்கூடங்களில் ஒரு கிளப்பாக வைத்தால் பலன் அதிகம். இயற்பியல் வாத்தியார் ஒருவர், லைசென்ஸ் உள்ள ஹாம் ஒருவர், ஆர்வம் உள்ள பத்து பிள்ளைகள் போதும். 2025 ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா இந்திய மாணவர்களோடு பேசியது ஹாம் ரேடியோ வழியாகத்தான். ஓம் விதியை போர்டில் எழுதிப் படிக்கிற பிள்ளை, அதே விதியை வைத்துத் தானே ஈயம் பற்றவைத்த பெட்டியில் கொழும்புக்காரர் குரலைக் கேட்டால் அந்தப் பாடம் ஜென்மத்துக்கும் மறக்காது.

அடுத்த பெருமழைக்கு முன் சாத்தூர் தாலுகாவில் லைசென்சோடு நாலு பேர் தயாராக இருந்தால், டவர் போனாலும் ஊர் ஊமையாகாது.